கடல் கோவிலுக்குப் பத்துப் பேர் போதும்!

ஜப்பான் நாட்டில் ஒரு தீவு இருக்கிறது. அந்தத் தீவில் குழந்தை பிறக்கக் கூடாது. அங்கே யாரும் சாகவும் கூடாது!

இது கட்டுக்கதை அல்ல. பல நூறு ஆண்டுகளாக இருந்து வந்த கட்டுப்பாடு. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களைப் பேறு காலத்துக்கு முன்பே படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். சாகக் கிடப்பவர்களையும் அப்படியே அனுப்புவார்கள். இறந்தவரைப் புதைக்கத் தீவில் இடம் கிடையாது. இன்று வரை அங்கே இடுகாடு இல்லை. மண்ணை உழுது பயிர் செய்வதும் அந்தக் காலத்தில் தடை செய்யப்பட்டு இருந்தது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? அந்தத் தீவு முழுவதுமே தெய்வம் என்று ஜப்பானியர் நம்பினார்கள். தெய்வத்தின் மேனியில் மண்வெட்டி படலாமா?

அந்தத் தீவின் பெயர் இட்சுகுஷிமா. "மியாஜிமா" என்றும் சொல்வார்கள். கோவில் தீவு என்று பொருள்.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமா நகரை எல்லோருக்கும் தெரியும். அந்த நகரில் இருந்து ரெயிலில் அரை மணி நேரம் போக வேண்டும். பிறகு கப்பலில் பத்து நிமிடம். தீவு வந்துவிடும்.

இப்பொழுது அந்தத் தீவுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். தீவில் குடியிருப்பவர்களோ சுமார் 1,500 பேர்தான்!

ஏர் முனை படக் கூடாது என்று காப்பாற்றிய மண்ணில் இத்தனை லட்சம் கால்கள் மிதிக்கின்றன. இது முறைதானா? வேறு வழி இல்லையா?

வழி இருக்கிறது. அது புது வழி அல்ல. பாட்டன், பூட்டன் காலத்துப் படகு வழி.

தண்ணீரில் நிற்கும் வாசல்

ஷிண்டோ என்பது ஜப்பானியரின் ஆதி மதம். அதில் மலையும் சாமி. மரமும் சாமி. பாறையும் சாமி. கடலும் சாமி. இந்தத் தெய்வங்களை "கமி" என்று அழைக்கிறார்கள்.

ஷிண்டோ கோவிலுக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கும். இரண்டு தூண்கள். அவற்றின் மேல் குறுக்கே இரண்டு உத்தரங்கள். கதவு கிடையாது. சுவரும் கிடையாது. இதற்குத் "தோரி" என்று பெயர். அதைத் தாண்டினால் சாமியின் எல்லை.

இட்சுகுஷிமா கோவிலின் தோரி, கடலுக்குள் நிற்கிறது. உயரம் சுமார் 16½ மீட்டர். எடை சுமார் 60 டன். பெரிய தூண்கள் இரண்டும் கற்பூர மரத்தின் அடிமரங்கள். இப்பொழுது உள்ள தோரி 1875-ம் ஆண்டு கட்டப்பட்டது.

அதில் ஓர் அதிசயம்! அந்தத் தூண்களைக் கடலடியில் தோண்டிப் புதைக்கவில்லை. தோரி தன் எடையால் தானே நிற்கிறது. மேலே உள்ள உத்தரம் ஒரு பெட்டி போன்றது. அதற்குள் சுமார் 7 டன் கற்களைக் கொட்டி வைத்து இருக்கிறார்கள். அந்தப் பாரம்தான் புயலிலும் தோரியைச் சாய விடாமல் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

கோவிலும் அப்படித்தான். கரை மேல் கட்டாமல், அலை ஏறி இறங்கும் சேற்றுத் தரையில் கால் நட்டுக் கட்டினார்கள். தெய்வத் தீவைக் காயப்படுத்தக் கூடாது என்பதே காரணம். தரைப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு இருக்கிறார்கள். கடல் பொங்கினால் தண்ணீர் அந்த இடுக்கு வழியே மேலே வந்து, அந்த வழியே இறங்கிப் போய்விடும். தண்ணீரோடு மல்லுக்கு நிற்காமல், அதற்கு வழி விட்டுக் கட்டிய கோவில் அது.

கி.பி. 593-ல் இந்தக் கோவில் தோன்றியது என்பது பரம்பரைச் செய்தி. 1168-ம் ஆண்டில் தைரா நோ கியோமோரி என்ற பெருந்தலைவர் இதை இன்றைய அமைப்பில் பெரிதாகக் கட்டினார்.

உள்ளே இருப்பவர்கள் அக்காள் தங்கைகளான மூன்று பெண் தெய்வங்கள். கடலில் போகிறவர்களைக் காப்பவர்கள். அவர்களில் இச்சிகிஷிமா என்பவளையும், இந்தியாவில் இருந்து புத்த மதத்தோடு போன சரஸ்வதியையும் ஒருவராகவே பல நூற்றாண்டுகள் கும்பிட்டார்கள். சரஸ்வதிக்கு அங்கே "பென்சைத்தென்" என்று பெயர். கையில் வீணை போன்ற ஒரு வாத்தியம் உண்டு. 1868-ல் அரசாங்கம் ஷிண்டோவையும் புத்த மதத்தையும் பிரித்தது. அப்பொழுது சரஸ்வதி பக்கத்தில் உள்ள புத்தர் கோவிலுக்குக் குடி போய்விட்டாள். இன்றும் அங்கே இருக்கிறாள்.

கூட்டம் செய்யும் கோலம்

இனி, அந்த 40 லட்சம் பேர் எப்படிச் சாமி பார்க்கிறார்கள் என்று பார்ப்போம்.

காலையில் கப்பலில் வந்து இறங்குகிறார்கள். கடைத்தெரு வழியாக நடக்கிறார்கள். தோரிக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேப்பிள் இலை வடிவில் ஒரு பணியாரம் விற்கிறது. அதில் ஒன்றைத் தின்றுவிட்டு, அடுத்த கப்பலில் ஏறிவிடுகிறார்கள்.

கடல் வற்றிய நேரத்தில் தோரியின் அடி வரை நடந்து போகலாம். அங்கே போகிறவர்களில் சிலர் சும்மா இருப்பது இல்லை. தூணின் வெடிப்புகளில் காசைச் செருகுகிறார்கள். காசு போட்டால் அதிர்ஷ்டம் வருமாம்! உப்புக் காற்றும், கறையானும் போதாது என்று மனிதனும் சேர்ந்துகொண்டால் மரம் என்ன ஆகும்? 2019-ம் ஆண்டு தொடங்கி 2022-ம் ஆண்டு முடிய, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தோரியைச் சாரம் கட்டி மூடிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று.

2023-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இருந்து, தீவுக்கு வருகிறவர்களிடம் தலைக்கு 100 யென் வரி வாங்குகிறார்கள். கப்பல் கட்டணத்தோடு அது சேர்ந்துவிடுகிறது. தீவில் குடியிருப்பவர்களுக்கு வரி இல்லை.

வரி வாங்குவதில் தப்பு இல்லை. வருகிறவர்களுக்கு எல்லாம் கழிப்பறை கட்டிச் சுத்தம் செய்வது யார்? ஆனால், 100 யென் கொடுத்தவன் காசு செருகாமல் இருப்பான் என்று யார் சொல்ல முடியும்? "வரி கொடுத்துவிட்டேன், எனக்கு உரிமை உண்டு" என்று நினைப்பவனும் இருப்பான். வரியினால் பணம் வரும். மரியாதை வராது.

தீவை வலம் வருதல்

அந்தத் தீவில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. கப்பலில் வந்து போகிற கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

கோவில் கட்ட இடம் தேடி மூன்று பெண் தெய்வங்களும் படகில் ஏறித் தீவைச் சுற்றி வந்தார்களாம். சாயெகி குராமோத்தோ என்பவர் வழிகாட்டினாராம். அந்தப் பயணத்தை நினைத்துப் பக்தர்களும் படகில் தீவைச் சுற்றுகிறார்கள்.

தீவின் சுற்றளவு சுமார் 30 கிலோ மீட்டர். கரை நெடுகச் சிறிய சிறிய வளைகுடாக்கள். அவற்றில் ஏழு இடங்களில் ஏழு சன்னதிகள். சுகினோ-உரா, அவோனோரி-உரா, சுயா-உரா என்று பெயர்கள். "உரா" என்றால் கடல் உள்வாங்கிய கரை. தீவு வலக்கைப் பக்கம் இருக்கும்படி படகு போகும். அதாவது, வலம் வருகிறார்கள்!

இந்தச் சன்னதிகள் பெரிய கோபுரங்கள் அல்ல. மணல் திட்டில் ஒரு சிறு தோரி. அதற்குப் பின்னால் ஒரு சின்னச் சாமி வீடு. அதற்கும் பின்னால் காடு. அவ்வளவுதான். தோரி கடலைப் பார்த்து நிற்கிறது. கடல் வழியாக வருகிறவனுக்காகக் கட்டிய வாசல் அது. தீவின் பின்புறத்தில் ஊரும் இல்லை, கடைத்தெருவும் இல்லை.

கோவிலைச் சேர்ந்தவர்கள் இதை முறைப்படி ஒரு சடங்காக நடத்துகிறார்கள். அது தவிர, சில சிறு படகுக்காரர்கள் வெளியூர்க்காரர்களையும் நாலைந்து பேராகவோ, பத்துப் பேராகவோ ஏற்றிக்கொண்டு கரைச் சன்னதிகளைக் காட்டி வருகிறார்கள். திரும்பியதும் உள்ளூர்ச் சாப்பாடு. நாடு முழுவதும் கடலோர ஊர்களில் இந்த மாதிரிப் பயணங்கள் இப்பொழுது நடக்கின்றன.

இதைச் சுற்றுலா வியாபாரத்தில் இன்னொரு தந்திரம் என்று தள்ளிவிடலாம். அப்படித் தள்ளுவது தவறு. பத்துப் பேர் ஏறிய படகில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிகிறது. படகோட்டி சொல்வது எல்லோர் காதிலும் விழுகிறது. எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எப்படிக் கும்பிட வேண்டும் என்று அவர் ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டு முறை குனிய வேண்டும். இரண்டு முறை கை தட்ட வேண்டும். மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். இதுதான் ஷிண்டோ முறை. பத்துப் பேர் நடுவே ஒருவன் காசை எடுத்துத் தூணில் செருகினால், மற்ற ஒன்பது பேரும் அவனைப் பார்ப்பார்கள். அவன் கை தானாகவே பைக்குள் போய்விடும். 40 லட்சம் பேர் நடுவே அந்த வெட்கம் வராது.

காக்கைக்குச் சோறு

ஏழு சன்னதிகளைத் தவிர, யாபுசாகி என்ற இடத்தில் இன்னொரு சன்னதி உண்டு. அங்கே படகு கரைக்குப் போவது இல்லை. கடலிலேயே நிற்கும். எல்லோரும் படகில் இருந்தபடியே கும்பிடுவார்கள்.

கோவில் சடங்கின்போது அங்கே ஒன்று நடக்கும். அரிசி மாவு உருண்டைகளைக் கடலில் மிதக்க விடுவார்கள். புல்லாங்குழல் ஒலிக்கும். எல்லோரும் காட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

காட்டில் இருந்து ஒரு ஜோடிக் காகம் பறந்து வரும். தண்ணீர் மேல் தாழ்ந்து, அந்த உருண்டைகளைக் கொத்திக்கொண்டு போகும்!

தெய்வங்கள் இடம் தேடி வந்தபோது காகம்தான் வழி காட்டியது என்பது கதை. அதனால் காகத்துக்கு முதல் மரியாதை. காகம் வந்து எடுத்தால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். வராவிட்டால், படகில் யாரோ சுத்தம் இல்லாமல் வந்து இருக்கிறார்கள் என்று பேசிக்கொள்வார்கள்.

காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, அது வந்து எடுக்கிறதா என்று கொல்லைப்புறத்தில் கவலையோடு பார்த்து நிற்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவை இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சுற்றுலாப் படகுகள் இந்தச் சடங்கைக் காப்பி அடிக்கக் கூடாது. "காகத்தைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம், படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது ஆரம்பித்தால், சாமி காரியம் குரங்காட்டி வித்தை ஆகிவிடும். சடங்கு கோவிலாருடையது. பயணப் படகுக்கு அங்கே செய்யத் தகுந்தது ஒன்றுதான்: என்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது. ஐந்து நிமிடம் பேச்சு இல்லாமல், அலைச் சத்தத்தைக் கேட்பது. பத்துப் பேரால் அது முடியும்.

கடல் கொடுக்கும் சாப்பாடு

இப்பொழுது சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். பயணத்தில் பாதி அதுதானே!

ஜப்பானில் விளையும் சிப்பிகளில் நூற்றுக்கு சுமார் 60 ஹிரோஷிமாக் கடலில் விளைகின்றன. ஆம், விளைகின்றன! அங்கே சிப்பியைப் பயிர் செய்கிறார்கள். மூங்கில் தெப்பம் கட்டிக் கடலில் மிதக்க விடுகிறார்கள். அதில் இருந்து நீளக் கம்பிகள் தொங்கும். கம்பிகளில் வேறு வகைச் சிப்பி ஓடுகளைக் கோத்து இருப்பார்கள். அந்த ஓடுகளில் குஞ்சுச் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு வளரும். தீவுக்கு எதிர்க்கரையில் ஜிகோசென் என்ற ஊர் இருக்கிறது. சிப்பிக்குப் பேர் போன ஊர். இட்சுகுஷிமா கோவிலின் வெளிக் கோவிலும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு சாப்பாடு, கடல் விலாங்குச் சோறு. விலாங்கின் எலும்பை வைத்துக் காய்ச்சிய சாற்றில் சோறு ஆக்குவார்கள். விலாங்கை இனிப்புக் கலந்த சோயாக் குழம்பு தடவிச் சுட்டு, சோற்றின் மேல் அடுக்குவார்கள். 1901-ம் ஆண்டிலேயே இதைப் பெட்டியில் அடைத்து, எதிர்க்கரை ரெயில் நிலையத்தில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். சோறு எடுக்கும் மர அகப்பையும் இந்தத் தீவின் சரக்குத்தான். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, செய்ஷின் என்ற புத்த பிட்சு, பென்சைத்தென் கையில் உள்ள வாத்தியத்தின் வடிவத்தைப் பார்த்து அகப்பை செய்யக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்கிறார்கள். சரஸ்வதி வீணை சோற்றுக் கரண்டியாயிற்று!

(சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பாடு அங்கே திண்டாட்டம்தான். கீரையை வேக வைத்தால் கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.)

ஆனால், கடல் பழைய கடலாக இல்லை. அந்தப் பகுதியில் விலாங்கு கிடைப்பது மிகவும் குறைந்துவிட்டது. 2025-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஹிரோஷிமாக் கடலில் சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில இடங்களில் பத்துச் சிப்பியை எடுத்தால் ஒன்பது வெறும் ஓடு! கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானதே காரணமாக இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. தெப்பம் கட்டிக் கடன் வாங்கி இரண்டு ஆண்டு காத்து இருந்தவன் கதி என்ன?

இந்த நிலையில், "விலாங்குச் சோறு நிச்சயம், சிப்பி நிச்சயம்" என்று விளம்பரத்தில் போடுவது ஏமாற்று வேலையில்தான் போய் முடியும். எங்கிருந்தோ வந்த ஐஸ் மீனைச் சுட்டு, உள்ளூர்ச் சாப்பாடு என்று தட்டில் வைப்பார்கள். அதைவிட, "இன்று காலை வலையில் என்ன வந்ததோ அதுதான் சாப்பாடு" என்று சொல்கிற படகுக்காரனுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். ஒரு நாள் நல்ல மீன் கிடைக்கும். ஒரு நாள் பொடி மீனும், கடற்பாசிச் சாறும்தான் கிடைக்கும். அந்தக் கரையில் அன்று அதுதான் உண்மை. மீனவன் வீட்டிலும் அன்று அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

புழக்கடையையும் பார்க்கட்டும்

தீவின் முன்பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. பின்பக்கம் எப்படி?

பின்பக்கக் கரைகளில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளும், வெள்ளை மிதவைத் துண்டுகளும் வந்து ஒதுங்குகின்றன. சிப்பித் தெப்பங்களில் இருந்து அறுந்து வருபவை அவை. தட்டில் வைத்த சிப்பி ருசியாக இருக்கிறது. அந்தச் சிப்பி விட்டுச் சென்ற குப்பை சாமி வாசலில் கிடக்கிறது.

படகுக்காரர்கள் இதை மறைத்து, நல்ல இடமாகப் பார்த்து இறக்கக் கூடாது. வருகிறவர்கள் பார்க்கட்டும். ஆளுக்கு ஒரு சாக்குப் பையைக் கொடுத்தாலும் தப்பு இல்லை. கோவிலுக்குப் போனால் பிராகாரத்தைப் பெருக்குவதும் கும்பிடுதான்.

பணக்காரருக்கு மட்டும்தானா?

"எல்லாம் சரி. 40 லட்சம் பேரும் சிறு படகில் போக முடியுமா?" என்று கேட்கலாம்.

முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பத்துப் பேராக ஏற்றினால் 4 லட்சம் தடவை படகு போக வேண்டும். நாளைக்கு ஆயிரம் தடவைக்கு மேல்! கடலே கடைத்தெரு ஆகிவிடும்.

ஆகையால், படகுகளுக்கும் அளவு வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை படகுதான் என்று கோவிலாரும், மீனவர்களும், ஊராட்சியும் கூடி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நகரத்தில் இருக்கும் கம்பெனிக்காரர்கள் அதை முடிவு செய்யக் கூடாது.

"அப்படி அளவு வைத்தால் கட்டணம் ஏறும். காசு உள்ளவன் மட்டும்தானே போவான்?" என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. சிறு படகில் போக அதிகம் செலவாகும் என்பது உண்மை. அந்தச் செலவு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். படகோட்டிக்குப் போகிறது. மீன் கொடுத்தவனுக்குப் போகிறது. சோறு ஆக்கிய பெண்களுக்குப் போகிறது. ஜப்பானின் மீனவக் கிராமங்களில் கிழவர்களும், கிழவிகளும்தான் மிஞ்சி இருக்கிறார்கள். பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். படகை விற்றுவிடலாமா என்று யோசிக்கிற கிழவருக்கு வாரத்தில் இரண்டு நாள் பத்துப் பேர் வந்தால், படகு இன்னும் கொஞ்ச காலம் தண்ணீரில் இருக்கும்.

காசு இல்லாதவனுக்கும் வழி இருக்கிறது. கப்பலில் போகிறவன் மத்தியானக் கூட்டத்தில் போகாமல், கடல் ஏறும் நேரம் பார்த்துக் காலையிலோ மாலையிலோ போகலாம். அந்த நேரத்தில் தோரியும், கோவிலும் தண்ணீரில் மிதப்பது போலத் தோன்றும். கடல் நிறைந்து இருக்கும்போது, துடுப்புப் போடும் சின்னப் படகு ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு தோரிக்குள்ளே புகுந்து வரும். தீவு முழுவதையும் சுற்ற முடியாதவனுக்கு அந்தச் சிறிது நேரம் போதும்.

படகுக்காரர்களை அந்தக் கோவில் என்றைக்கும் மறந்தது இல்லை. சந்திர மாதக் கணக்கில் ஆறாவது மாதம் 17-ந் தேதி இரவு, வாத்திய இசையோடு சாமி படகில் ஏறி எதிர்க்கரைக்குப் போய் வரும் திருவிழா நடக்கிறது. 1701-ம் ஆண்டில் அந்தச் சாமிப் படகு புயலில் சிக்கிக்கொண்டது. அகா, எபா என்ற இரண்டு ஊர்களின் சிறு படகுக்காரர்கள் துணிந்து போய்க் காப்பாற்றினார்கள். அன்று முதல் சாமிப் படகை இழுத்துச் செல்லும் உரிமை அந்த இரண்டு ஊர்களுக்குத்தான்.

காற்று அடித்தால்?

சிறு படகுக்கு ஓர் ஆபத்து உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

2022-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, ஜப்பானின் வடகோடியில் உள்ள ஷிரெத்தோக்கோ கடலில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கியது. கடல் கொந்தளிக்கும் என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்து இருந்தது. அப்படியும் படகை எடுத்தார்கள். ஏறிய 26 பேரில் ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அரசாங்கம் சட்டத்தை இறுக்கியது.

ஹிரோஷிமாக் கடல் உள்நாட்டுக் கடல். தீவுகள் சூழ்ந்தது. அலை குறைவு. ஆனாலும் புயல் வரும். 1991-லும், 2004-லும் அடித்த புயல்களில் அந்தக் கோவிலே சேதம் அடைந்தது. கோவிலையே உடைக்கிற காற்றுக்குப் படகு எம்மாத்திரம்?

பத்துப் பேரை நம்பி இருக்கும் படகுக்காரன், ஒரு நாள் படகு எடுக்காவிட்டால் ஒரு நாள் வருமானம் போகும். அந்த ஆசைதான் ஆளைக் கொல்கிறது. அதனால், "காற்று அடித்தால் படகு இல்லை. காசு வாபஸ். சாப்பாடு மட்டும் உண்டு" என்று முதலிலேயே எழுதி வைக்கிற படகில்தான் ஏற வேண்டும். வருகிறவர்களும் "இவ்வளவு தூரம் வந்தோமே" என்று படகோட்டியை நச்சரிக்கக் கூடாது. கரையில் இருந்து கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

கால் வைக்கக் கூடாத தீவு

கோபித்துக்கொள்ளாது என்பதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது.

இட்சுகுஷிமாவில் இருக்கும் அதே மூன்று பெண் தெய்வங்களுக்கு, தெற்கே கியூஷூ தீவின் முனகதா என்ற ஊரில் ஆதிக் கோவில்கள் உண்டு. ஒருத்திக்குக் கரையில் கோவில். ஒருத்திக்குப் பக்கத்தில் உள்ள ஓஷிமா தீவில் கோவில். மூத்தவளுக்குக் கரையில் இருந்து சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில், நடுக்கடலில் ஒக்கினோஷிமா என்ற தீவில் கோவில்.

அந்த ஒக்கினோஷிமாவில் குடிமக்கள் யாரும் இல்லை. பூசாரி ஒருவர் மட்டும் இருப்பார். பத்து நாளைக்கு ஒருவராக முறை மாறி வருவார்கள். பெண்கள் அங்கே போகக் கூடாது என்பது பழைய வழக்கம். அது சரிதானா என்று ஜப்பானிலேயே வாதம் நடந்தது உண்டு. போகிற ஆண்களும் துணி இல்லாமல் கடலில் முழுகிய பிறகுதான் ஏற வேண்டும். அங்கே இருந்து ஒரு புல்லைக் கூட எடுத்து வரக் கூடாது. பார்த்ததை வெளியே சொல்லவும் கூடாது.

1954-ம் ஆண்டு முதல் 1971-ம் ஆண்டு வரை மூன்று கட்டமாக அங்கே ஆராய்ச்சி செய்தார்கள். நாலாம் நூற்றாண்டில் இருந்து ஒன்பதாம் நூற்றாண்டு வரை மக்கள் சாமிக்கு வைத்த கண்ணாடிகள், கொரிய நாட்டுத் தங்க மோதிரம், பாரசீகத்துக் கண்ணாடிக் கிண்ணத்தின் துண்டு என்று சுமார் 80 ஆயிரம் பொருள்கள் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அத்தனையும் பாறை இடுக்கிலும் திறந்த வெளியிலும் கிடந்து இருக்கின்றன. "எதையும் எடுக்காதே" என்ற கட்டுப்பாடுதான் காவல்!

2017-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை அதை உலகப் பொதுச் சொத்தாக அறிவித்தது. வேறு ஊராக இருந்தால் என்ன செய்து இருப்பார்கள்? துறைமுகம் கட்டுவார்கள். ஓட்டல் கட்டுவார்கள். முனகதாக் கோவிலார் நேர்மாறாகச் செய்தார்கள். அதுவரை ஆண்டுக்கு ஒரு நாள், மே மாதம் 27-ந் தேதி, சுமார் 200 ஆண்களை மட்டும் அனுமதித்து வந்தார்கள். 2018-ல் இருந்து அதையும் நிறுத்திவிட்டார்கள்!

உலகம் முழுவதும் திரும்பிப் பார்த்த நேரத்தில் கதவைச் சாத்தினார்கள். வருமானம் போயிற்றே என்று அவர்கள் அழவில்லை. அந்த நெஞ்சுறுதியில் கால் பங்காவது இட்சுகுஷிமாவின் பின்பக்கக் கரைகளுக்கு வேண்டும்.

ஒக்கினோஷிமா சாமியைப் பார்க்க விரும்புகிறவர்கள் இப்பொழுது ஓஷிமா தீவுக்குப் படகில் போகிறார்கள். அங்கே கடலைப் பார்த்து ஒரு சிறிய மண்டபம் இருக்கிறது. தூரத்தில் இருந்து கும்பிடுவதற்கு என்றே கட்டியது. வானம் தெளிவாக இருந்தால், ஒக்கினோஷிமா கடல் நடுவே ஒரு புள்ளியாகத் தெரியும். மூட்டம் போட்டு இருந்தால் ஒன்றுமே தெரியாது. தெரியாத நாளிலும் அந்தத் திசையைப் பார்த்துக் குனிந்து, இரண்டு முறை கை தட்டிக் கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் துறைமுகம் திரும்பிவிடுகிறார்கள்.